8 எம்பி லெஜண்டில் சிப்பை மாற்றி நினைவகத்தைக் கூட்டலாமா?

பெர்க்நடை (சாட்ஸ்வர்த், டர்பன்), திங்கள் இரவு

வணக்கம். அப்பா வைத்திருந்த கார்மின் ஈட்ரெக்ஸ் லெஜண்ட் என்ற கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. 2001இல் வெளிவந்த முதல் மாடல், நீலப் பெட்டி, சாம்பல் நிறத் திரை. அப்பா காலமாகி 6 வருடம் ஆகிறது. அதிலிருந்து அலமாரியில்தான் கிடந்தது. போன வாரம் சும்மா இரண்டு டபுள்-ஏ பேட்டரி போட்டு வாசலில் வைத்தேன். வெகுநேரம் யோசித்தது. அப்புறம் நான்கு சாட்டிலைட்டைப் பிடித்து, நான் சாட்ஸ்வர்த்தில் நிற்கிறேன் என்று எனக்கே சொல்லிவிட்டது.

ஜூலை விடுமுறையில் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு டிராகன்ஸ்பெர்க் மலையில் (பெர்க் என்போமே, அதுதான்) மூன்று நாள் நடப்பதாக இருக்கிறோம், கதீட்ரல் பீக் பக்கம். இதையும் எடுத்துப் போக ஆசை. ஆனால் இதில் மொத்தமே 8 எம்பி. மலையின் ஏற்ற இறக்கம் தெரியும்படி கோடு போட்ட தென்னாப்பிரிக்கா வரைபடத்தில் ஒரு மூலைகூட உள்ளே போகாது. மெமரி கார்டு செருக இடமும் கிடையாது. இதே உருவத்தில் வந்த விஸ்டா என்ற மாடலில் மட்டும் 24 எம்பி! அப்படியென்றால் உள்ளே இருக்கும் சிப்பை மாற்றினால் போதும்தானே? டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "மாற்றலாம், செத்துப்போனால் எங்களைக் கேட்கக்கூடாது" என்றார்கள். யாராவது செய்து பார்த்ததுண்டா?

உம்லாங்கா23, திங்கள் இரவு

அக்கா, கையில் ஃபோன் இருக்கும்போது இது எதுக்கு? குவாசுலு-நட்டால் மாகாணம் முழுவதையும் ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஃபோனின் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

பெர்க்நடை, திங்கள் இரவு

தெரியும் தம்பி, ஃபோனும் வரும். ஆனால் ஜூலையில் மேலே குளிர் சுழியத்துக்குக் கீழே போகும். போன தடவை கையுறை போட்ட விரலுக்குத் திரை அசையவில்லை, 40 விழுக்காடு இருந்த ஃபோன் சட்டென்று அணைந்தது. பேட்டரியைக் கழற்றி வேறு போடுகிற சாமான் ஒன்று கையில் இருந்தால் தூக்கம் வரும்.

ஈயப்புகை (பீனிக்ஸ், டர்பன்), செவ்வாய் காலை

நான் 30 வருடமாக ரேடியோ, டிவி, இப்போது ஃபோன் என்று சால்டர் புகையிலேயே காலம் தள்ளியவன். அம்மா, கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. மாற்றலாம். ஆனால் "மாற்றலாம்" என்பது வேறு, "மாற்றினால் வேலை செய்யும்" என்பது வேறு.

முதலில் பெட்டியைத் திறப்பது. இந்த ஈட்ரெக்ஸில் திருகாணி கிடையாது. சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறதே, அதை மெதுவாக உரித்தால் இரண்டு ஓடுகளும் சேரும் இடம் தெரியும். உள்ளே ஒட்டுநாடாதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் அது பாறையாக இறுகியிருக்கும். ஹேர் டிரையரில் இதமாகச் சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு ஓரம் ஓரமாகப் போக வேண்டும். கத்தியை விட்டால் திரையின் நாடா கேபிள் போய்விடும்.

திறந்துவிட்டால் திரும்ப மூடுவது அதைவிடப் பெரிய வேலை. வாங்கும்போது இதற்கு 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் தரம் உண்டு. ஒருமுறை திறந்த பெட்டிக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒரு காலத்தில் வாடிக்கையாளர் ஒருவருடைய கருவியை (வேறு மாடல்) பிரித்துச் சிப் மாற்றினேன். வேலை அருமையாக முடிந்தது என்று மீசையை முறுக்கினேன். ஆனால் ஓரத்தில் புது ஒட்டுநாடாவை ஒரு இடத்தில் சரியாக அழுத்தவில்லை. அவர் முதல் மழையிலேயே திரும்பி வந்தார், திரைக்கு உள்ளே பனி படிந்திருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். பெர்க் மூடுபனியில் நடக்கப் போகிறவர் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சூடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் மின்னணுச் சாமான்களுக்கு ஈயத் தடை வருவதற்கு முந்திய பலகைகளில், சிப்பைப் பற்றவைக்கப் பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர்தான். அது 183 டிகிரியில் உருகும். அதற்குப் பிந்தியவற்றில் 217க்குப் போக வேண்டும். அந்த வகையில் உங்கள் கருவி பரவாயில்லை. சிப்புக்குக் கால் வெளியே தெரிந்தால் நான் கையாலேயே எடுப்பேன். கால் இல்லாமல் அடியில் உருண்டை உருண்டையாக இருந்தால் சூடான காற்றுதான். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பொத்தானையும் திரையையும் காப்பாற்றியாக வேண்டும்.

பெர்க்நடை, செவ்வாய் காலை

ஐயா, நன்றி. அந்த வேறு மாடலில் சிப் மாற்றியபின் நினைவகம் கூடியதா?

ஈயப்புகை, செவ்வாய் மதியம்

அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டு மடங்கு சிப் போட்டேன். கருவி பழைய அளவையே காட்டியது. ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை. படித்த பிள்ளைகள் யாராவது சொல்லுங்கள்.

மிட்ராண்ட்கோவை, செவ்வாய் இரவு

ஐயா, நான் சொல்கிறேன். ஊர் கோவை, இங்கே மிட்ராண்டில் இதுபோன்ற சின்னக் கருவிகளுக்கு உள்ளே ஓடும் மென்பொருள் எழுதுவதுதான் வேலை.

இந்தக் காலத்துக் கருவிகளில் நார் ஃபிளாஷ் என்ற வகைச் சிப் இருக்கும். பென்டிரைவில் இருக்கும் நாண்ட் வகைபோல் இல்லை. இதில் ஒவ்வொரு இடத்துக்கும் நேரடி முகவரி உண்டு. அந்த முகவரியைச் சொல்லப் பலகையில் தனித்தனிக் கம்பி ஓடும். ஒரு தடவைக்கு 16 பிட் படிக்கிற அகலத்தில் 8 எம்பியைச் சுட்ட 22 முகவரிக் கம்பி வேண்டும். 16 எம்பி என்றால் 23. 32 என்றால் 24. ஒரு கம்பி கூடினால் இடம் இரட்டிக்கும். பெரிய சிப்பை வைத்தாலும், அந்த 23ஆவது கம்பியைப் பலகையில் இழுக்காமல் விட்டிருந்தால் சிப்பின் கீழ்ப்பாதி மட்டும்தான் செயலிக்குத் தெரியும். ஐயாவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

கம்பி இழுத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உள்ளே ஓடும் மென்பொருள் சம்மதிக்க வேண்டும். சில மென்பொருள் கருவி எழும்போது சிப்பையே விசாரிக்கும். 55 என்ற முகவரியில் 98 என்று எழுதினால் (இரண்டும் 16ஐ அடிமானமாகக் கொண்ட எண்கள்), க்யூ, ஆர், ஒய் என்று மூன்று எழுத்தைத் திருப்பித் தந்து, தன் அளவு என்ன, எத்தனை எத்தனை கேபியாக அழிக்கலாம் என்று சிப் ஒப்புக்கொள்ளும். அப்படி எழுதிய மென்பொருள் என்றால் அதிர்ஷ்டம். இன்னும் சில, தான் அறிந்த சிப்புகளின் அடையாள எண்ணை ஒரு சின்னப் பட்டியலாக வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத சிப் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாவது வகைதான் மோசம்: "வரைபடத்துக்கு இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை" என்று எண்ணையே கல்வெட்டாகப் பொறித்திருப்பார்கள். குடத்தை எடுத்துவிட்டு அண்டாவை வைத்தாலும், அளக்கிற கையில் அதே பழைய ஆழாக்கு.

அக்காவின் விஸ்டா ஒப்பீட்டுக்கு வருகிறேன். நல்ல கேள்விதான், ஆனால் 24 என்ற எண்ணே ஒரு துப்பு. சிப்புகள் 8, 16, 32 என்றுதான் இரட்டித்துப் போகும். ஒற்றைச் சிப்பில் 24 வராது. 16ஓடு 8 சேர்ந்திருக்க வேண்டும், அல்லது 32இல் 8ஐ வேறு வேலைக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். எதுவானாலும் அது ஒரு சிப்பைக் கழற்றி இன்னொன்றை வைத்தால் வந்துவிடுகிற மாற்றம் இல்லை. போதாததற்கு விஸ்டாவில் காற்றழுத்த உயரமானியும் மின்னணுத் திசைகாட்டியும் உண்டு. மென்பொருளும் தனி.

உம்லாங்கா23, செவ்வாய் இரவு

அண்ணா, விஸ்டாவின் மென்பொருளையே இதில் ஏற்றிவிட்டால்?

மிட்ராண்ட்கோவை, செவ்வாய் இரவு

இல்லாத உயரமானியைத் தேடிக்கொண்டு நிற்கும். அதைவிட, கருவியை எழுப்பிவிடுகிற தொடக்க நிரலும் அதே சிப்பில் இருந்தால், அது கெட்ட அன்றைக்குக் கேபிள் போட்டுக்கூட எழுப்ப முடியாது. அப்புறம் சிப்பை வெளியே எடுத்து, சிப்பில் எழுதுகிற புரோகிராமர் என்ற கருவியில் வைத்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். யாராவது செய்தே தீருவேன் என்றால் ஒரே விதி: பழைய சிப்பில் இருப்பதை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து, இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புதுச் சிப்பைத் தொட வேண்டும். கருவியின் அடையாள எண்ணும் உள்ளேதான் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய வரைபடங்களின் பூட்டு அந்த எண்ணோடு கட்டியது.

ரோஸ்ஹில் வாத்தியார் (மொரீஷியஸ்), புதன் காலை

உங்கள் பிரச்சினையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் தீவில் மிக உயரமான மலையே 828 மீட்டர். தீவு முழுவதும் அந்த 8 எம்பிக்குள் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

குகைவாசி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்), புதன் மாலை

வாத்தியார் விளையாட்டாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது. தங்கச்சி, உனக்கு எதற்கு முழுத் தென்னாப்பிரிக்கா? கேப் டவுனுக்கா நடக்கப் போகிறாய்?

நான் 20 வருடமாகப் பெர்க்கில் அலைகிறேன். அரசாங்கத்தின் 50 ஆயிரத்துக்கு ஒன்று அளவுத் தாள் தெரியுமல்லவா? ஒரு தாள் 15 கலைக்கு 15 கலை (கால் பாகைக்குக் கால் பாகை), ஏறக்குறைய 24 கிலோமீட்டர் அகலம், 28 கிலோமீட்டர் உயரம். கதீட்ரல் பீக் 2829சிசி என்ற தாளில் விழுகிறது. அதையும் அதைச் சுற்றிய தாள்களையும் எடுத்தாலே மூன்று நாளில் உன் கால் போகிற இடம் எல்லாம் அடங்கிவிடும். அந்த அளவுக்கு நீயே வரைபடம் செய்துகொள்ளலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடு. எம்கேஜிமேப் என்ற இலவச நிரல் அதைக் கார்மின் கோப்பாக மாற்றித் தரும்.

இடத்தைத் தின்பது பாதையும் ஆறும் அல்ல, சமஉயரக் கோடுகள். காகிதத் தாளில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. பெர்க் சுவர்போல் நிற்கிற இடம், 20 மீட்டர் கோடு போட்டால் 160க்கு 288 புள்ளி மட்டும் உள்ள உன் திரையில் ஒரே கறுப்புத் தீற்றலாகத் தெரியும். 100 மீட்டருக்கு ஒரு கோடு வை. கோடு ஐந்தில் ஒன்றாகும், கோப்பும் அதற்கேற்பச் சுருங்கும், பார்க்கவும் தெளிவு. உயரத் தரவுக்கு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் போதும். 30 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒன்று: செங்குத்துப் பாறைமுகத்தில் அந்தத் தரவு தடுமாறும். கோட்டை நம்பி விளிம்புக்குப் போய்விடாதே, கண்ணை நம்பு.

வெட்டும்போது தாராளமாக வெட்டு, கஞ்சத்தனம் வேண்டாம். வழி தவறினால் எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவோம் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துப் பள்ளத்தாக்குகளும் உள்ளே இருக்கட்டும்.

காகிதத் தாள் கையில் இருந்தால் ஓரத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார். 1999 ஜனவரி 1க்கு முந்திய தாள்கள் கேப் டேட்டம் (டேட்டம் என்றால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படை). அதன்பின் ஹார்ட்பீஸ்ட்ஹுக்94, அது ஜிபிஎஸ் கணக்கோடு ஒத்துப்போகும். அப்பா காலத்துப் பழைய தாளை வைத்துக்கொண்டு எண்ணைப் படித்தால் இடம் தள்ளிப்போகும். கருவியின் அமைப்பில் டேட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திரும்ப மாற்ற மறந்துவிடுவாய். எல்லாரும் மறக்கிறோம்.

ஈயப்புகை, புதன் இரவு

சபாஷ். என் வேலையைக் கெடுத்துவிட்டாய் தாயே, ஆனால் சரி.

பெர்க்நடை, புதன் இரவு

குகைவாசி அக்கா, இதை ஏன் நான் முதலிலேயே யோசிக்கவில்லை! சரி, கருவிக்கு எப்படி ஏற்றுவது? அப்பாவின் கேபிள் இருக்கிறது. ஒரு முனையில் நான்கு பித்தளைப் பல், மறுமுனையில் கணினிக்குப் போகிற 9 ஓட்டை. என் மடிக்கணினியில் அப்படி எதுவும் இல்லை.

மிட்ராண்ட்கோவை, வியாழன் காலை

அது பழைய சீரியல் போர்ட். யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றுகிற கேபிள் ஒன்று வாங்குங்கள், எஃப்டிடிஐ சிப் உள்ளதாக. மலிவுக் கேபிள்களில் போலிச் சிப் இருந்தால் புது விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாமல் போகும், அந்தத் தலைவலி வேண்டாம். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் 8 எம்பி ஏற 12 நிமிடம். 9600இல் விட்டுவிட்டால் இரண்டரை மணி நேரம், இட்லிக்கு அரைத்துவிட்டு வரலாம். புதுப் பேட்டரி போட்டு, மின்வெட்டு இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்றுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஏற்றும்போது முன்பு ஏற்றிய வரைபடம் மொத்தமாக அழியும். கூடவே சேர்க்க முடியாது. எல்லாத் துண்டையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அக்கா, உள்ளே அப்பா இடங்களைக் குறித்துச் சேமித்த புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாடல் 1000 புள்ளி வரை வைத்துக்கொள்ளும். ஃபிளாஷ் சிப்புகளின் விவரத்தாளில் தரவு 20 வருடம் தாங்கும் என்றுதான் பொதுவாகப் போட்டிருப்பார்கள். உங்கள் கருவி அந்தக் கெடுவைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே அழியும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் சிப் மாற்றுகிறீர்களோ இல்லையோ, அந்தப் புள்ளிகள் முதலில் கணினிக்கு வரட்டும். ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச நிரல் இதற்குப் போதும்.

உம்லாங்கா23, வியாழன் காலை

எல்லாம் சரி, இவ்வளவு பாடுபடுவதற்குக் கார்டு செருகுகிற மாடலையே பழையதாக வாங்கிவிடலாமே?

குகைவாசி, வியாழன் மதியம்

அதுவும் நியாயமான பேச்சுதான். 2011இல் வந்த ஈட்ரெக்ஸ் 20இல் உள்ளேயே 1.7 ஜிபி, மேலே மைக்ரோஎஸ்டி வேறு. கார்டை ஃபேட்32 முறையில் தயார் செய்து, கார்மின் என்ற அடைவுக்குள் வரைபடத்தைப் போட்டால் முடிந்தது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். கேபிள் கதையும் இல்லை, யூஎஸ்பி. மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் சாட்டிலைட்டைப் பிடிப்பதிலும் முதல் லெஜண்ட் கிழவன்தான், ஒத்துக்கொள்கிறேன். காசு இருந்தால் ஈட்ரெக்ஸ் 20 வாங்கு தங்கச்சி. ஆனால் உனக்கு அப்பாவின் கருவியோடு நடக்கத்தானே ஆசை?

பெர்க்நடை, ஞாயிறு இரவு

இரண்டு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். கேபிள் வந்தது, நேற்று முழுக்க அதோடுதான் இருந்தேன்.

முதலில் புள்ளிகள். 61 இருந்தன! பாதி டர்பன் கடற்கரையில் மீன் பிடித்த இடங்கள். ஒன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில். குட் ஃப்ரைடே திருவிழாவில் எங்கே வண்டியை நிறுத்தினார் என்று குறித்து வைத்திருக்கிறார் மனுஷன். மீதி எல்லாம் பெர்க். கருவியின் முகத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குச்சியை நகர்த்தி நகர்த்தி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருக்கிறார்: தண்ணி1, தண்ணி2, குகை, வழுக்கும், பாம்பு. பாம்பு அங்கே இன்னும் இருக்குமா என்று அண்ணன் மகன் கேட்கிறான்.

ஜூலையில் மேலே ஓடைகள் வற்றிக் கிடக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்பாவும் குளிர்காலத்தில்தான் போவார். அதனால் இந்தத் தண்ணிப் புள்ளிகளை வரைபடத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் வரைபடம். முதலில் ஆசைப்பட்டு 20 மீட்டர் கோட்டோடு செய்தேன், பிதுங்கியது. அக்கா சொன்னபடி 100க்கு மாற்றி, ஒன்பது தாள் பரப்பை வெட்டினேன். உள்ளே போய், இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது. 12 நிமிடம் என்றார் தம்பி, எனக்கு அதில் பாதிதான் ஆனது. ம்லம்போன்யா கணவாய் ஏறுகிற பாதை திரையில் புள்ளிக்கோடாகத் தெரிகிறது. பெட்டியைத் திறக்கவில்லை. ஈயப்புகை ஐயா, ரப்பர் பட்டை ஓரிடத்தில் கழன்று வருகிறது, அதை மட்டும் ஒட்டித் தருவீர்களா? பீனிக்ஸ் வர எனக்கு அரை மணிதான்.

ஈயப்புகை, ஞாயிறு இரவு

எடுத்து வாருங்கள். காசு வேண்டாம், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சாப்பாடு போடுங்கள். நீங்களாகச் சூப்பர் குளூ போட்டுவிடாதீர்கள். அது ரப்பரை விறைக்க வைத்து, அடுத்த வளைவில் வெடித்துவிடும்.

குகைவாசி, ஞாயிறு இரவு

அருமை. மலை ஏறும் முன்னால் அலுவலகத்தில் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நாள் எல்லாம் எழுதிவிட்டுப் போ. திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட மறக்காதே, இல்லாவிட்டால் தேடக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தண்ணிப் புள்ளிகளை இங்கே போட முடியுமா? இரண்டு எனக்குத் தெரிந்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெர்க்நடை, திங்கள் காலை

போடுகிறேன் அக்கா, ஆனால் ஒரு சந்தேகம். தண்ணி1, 2, 3 மூன்றும் பாதையை ஒட்டித்தான் இருக்கின்றன. தண்ணி4 மட்டும் மலை விளிம்பைத் தாண்டி, லெசோத்தோ நாட்டுக்குள் நன்றாக உள்ளே இருக்கிறது. டேட்டம் கோளாறா என்று பார்த்தேன், இல்லை, மற்ற மூன்றும் சரியாக உட்காருகின்றன. அப்பாவின் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். லெசோத்தோ முத்திரை ஒன்றுகூட இல்லை.

குகைவாசி, திங்கள் காலை

விளிம்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நன்றாக இருக்கும். முத்திரை குத்த அங்கே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதற்குமேல் என்னிடம் கேட்காதே.